வளாகத் தகவல் சேவைக்கு வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்: படிப்படியான முழு வழிகாட்டி

நூலகத்தில் உட்கார இடம் இருக்கிறதா, எந்த வகுப்பறை காலி, ஆய்வகத்தில் காற்று எப்படி இருக்கிறது? வளாகத்தின் எந்த மூலையிலிருந்து கேட்டாலும் இதற்கெல்லாம் பதில் வர வேண்டும். அந்தப் பதிலைத் தரும் சென்சார் நெட்வொர்க்கை எந்த வரிசையில் வடிவமைப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் போர்டு, அதாவது ரேடியோவோடு வரும் மின்சுற்றுப் பலகை, வாங்குவதில் தொடங்குகிறார்கள். போர்டு வாங்கியதுமே ரேடியோ முடிவாகிவிடுகிறது. ரேடியோ முடிவானால் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பலாம், பேட்டரி எத்தனை மாதம் வரும் என்பதும் முடிவாகிவிடுகிறது. திரையில் தெரியும் பதில் எவ்வளவு பழையதாக இருக்கலாம் என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். மற்ற எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு கட்டடத்துக்கும் தளவரைபடம் வேண்டும். பழைய வரைபடமானாலும் பரவாயில்லை, லிஃப்ட், படிக்கட்டு, மின்சார அறை ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருந்தால் போதும். வளாகத்தின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைக் கவனிக்கும் ஆட்கள், மின்வேலை பார்ப்பவர்கள், கட்டடப் பராமரிப்பாளர் ஆகிய மூவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். திட்டம் நின்றுபோவது பெரும்பாலும் தொழில்நுட்பத்தால் அல்ல, இவர்களில் ஒருவரிடம் கடைசி வாரத்தில் போய் நிற்பதால்தான்.

கருவிகளில், நீங்கள் பரிசீலிக்கும் ஒவ்வொரு ரேடியோ வகையிலும் இரண்டு நோட்டுகளைக் கடனாகவாவது வாங்கி வையுங்கள் (நோட் என்றால் சென்சாரும் ரேடியோவும் சேர்ந்த சிறு கருவி). மைக்ரோ ஆம்பியர் அளவில் மின்னோட்டம் அளக்கும் மீட்டர் ஒன்று வேண்டும், சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதாது. அப்புறம் ஒரு நோட்டுப்புத்தகம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கட்டடத்துக்குள் நடந்து அளக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

1. கேள்விகளை எழுதுங்கள், பக்கத்தில் வயது வரம்பையும் எழுதுங்கள்

பயனர் என்ன கேட்பார் என்பதை அவர் கேட்கும் விதத்திலேயே எழுதுங்கள். "வெப்பநிலைக் கண்காணிப்பு" என்பது கேள்வியே இல்லை. "இரண்டாம் மாடி வாசிப்பறையில் இப்போது இடம் கிடைக்குமா?" என்பது கேள்வி.

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், பதில் அதிகபட்சம் எத்தனை நிமிடம் பழையதாக இருக்கலாம் என்று குறியுங்கள். இதை நான் வயது வரம்பு என்று சொல்வேன். வாசிப்பறை இருக்கைக்கு 15 நிமிடம் போதும். வளாகப் பேருந்து எங்கே வருகிறது என்பதற்கு ஒரு நிமிடம்கூட அதிகம். தோட்டத்து மண்ணின் ஈரத்துக்கு அரை நாள் பழைய எண்ணே போதுமானது.

இந்த எண்ணை மூன்றால் வகுத்தால் அனுப்பும் இடைவெளி கிடைக்கும். வயர்லெஸ்ஸில் செய்திகள் தொலைவது இயல்பு என்பதால்தான் மூன்று. பத்தில் ஒன்று தொலைகிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்தடுத்து மூன்றும் தொலைவது ஆயிரத்தில் ஒருமுறைதான். (நிஜத்தில் தொலைவது கும்பலாக வரும், அதனால் இது கொஞ்சம் நம்பிக்கையான கணக்கு.) வாசிப்பறைக்கு 15 நிமிட வரம்பு என்றால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். கீழே வரும் கணக்குகள் எல்லாவற்றையும் இந்த 5 நிமிடத்தை வைத்தே போடப்போகிறேன்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, எல்லாவற்றுக்கும் "உடனுக்குடன்" என்று எழுதிவிடுவது. அப்படி எழுதினால் எல்லா நோட்டையும் மின் இணைப்பில் வைக்க வேண்டியிருக்கும்.

2. எதை அளந்தால் பதில் கிடைக்கும் என்று பாருங்கள்

கேள்வியும் அளவும் ஒன்றல்ல. "ஆள் இருக்கிறாரா" என்பதற்குப் பெரும்பாலும் பிஐஆர் எனப்படும் அகச்சிவப்பு சென்சார்தான் பயன்படுகிறது. அது அளப்பது ஆளை அல்ல, அசைவைத்தான். அசையாமல் படித்துக்கொண்டிருப்பவர் அதன் கண்ணில் படமாட்டார். அதனால் கடைசி அசைவுக்குப் பிறகு 10 நிமிடம் வரை "ஆள் இருக்கிறார்" என்றே வைத்திருக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடமும் பதிலின் வயதில் சேரும். வயது வரம்பு 5 நிமிடம் என்று எழுதியிருந்தால் பிஐஆர் சென்சாரால் அதை நிறைவேற்ற முடியாது என்பது இங்கேயே தெரிந்துவிடும். ஆயிரம் சென்சார் வாங்கிய பிறகு தெரிவதைவிட இது நல்லது.

கார்பன் டைஆக்சைடு சென்சாரில் ஒரு பொறி இருக்கிறது. பல அகச்சிவப்பு வகை சென்சார்கள் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ளும். சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் அளவு, அதாவது ஏறத்தாழ 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு), என்று எடுத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றும். இரவில் பூட்டப்படும் வகுப்பறைக்கு இது சரி. இரவு பகலாகத் திறந்திருக்கும் வாசிப்பறையில் காற்று ஒருநாளும் வெளிக்காற்றின் நிலைக்கு இறங்காது. அங்கே சென்சார் வாரத்துக்கு வாரம் குறைத்துக் காட்டும், அறையில் புழுக்கம் இருக்கும்போதும் திரை "நல்ல காற்று" என்று சொல்லும். அப்படிப்பட்ட அறைகளில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, குறிப்பிட்ட கால இடைவெளியில் வெளிக்காற்றில் வைத்துக் கையால் திருத்துங்கள்.

3. கட்டடத்துக்குள் நடந்து சிக்னலை அளங்கள்

எல்லோரும் தாண்டிப் போக நினைக்கும் படி இது. வரைபடத்தின் மேல் வட்டம் வரைந்து "ஒரு கேட்வே 50 மீட்டர்" என்று முடித்துவிடுகிறார்கள். (கேட்வே என்பது நோட்டுகளின் செய்தியைக் கேட்டுச் சர்வருக்கு அனுப்பும் பெட்டி.) சுவர், இரும்பு அலமாரி, லிஃப்ட் குழி, உலோகப் பூச்சுள்ள கண்ணாடி எதுவும் அந்த வட்டத்தை மதிப்பதில்லை.

அளக்கும் முறை இது. கேட்வே வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு நோட்டை வையுங்கள். இன்னொன்றை, நிஜமாகவே சென்சார் வரப்போகும் இடத்தில் வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள். மேசைக்கு அடியில் வரப்போகிறது என்றால் மேசைக்கு அடியில் ஒட்டியே அளக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 100 செய்திகள் அனுப்பி, எத்தனை வந்து சேர்ந்தன, சராசரி சிக்னல் பலம் எவ்வளவு என்ற இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்து நோட்டைச் சில சென்டிமீட்டர் தள்ளிவைத்து மறுபடி அளங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளியில் உங்கள் நோட் மாட்டிக்கொண்டால், அங்கிருந்து ஒரு விரல் நீளம் நகர்ந்தாலே சிக்னல் தலைகீழாக மாறும். ஒரே ஒரு புள்ளியில் எடுத்த அளவை நம்பக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

எந்த நேரத்தில் அளக்கிறீர்கள் என்பது இன்னும் முக்கியம். ஒரு வாசிப்பறையை நாங்கள் விடுமுறை நாளில் அளந்தோம். நாற்பது மேசைகள், யாரும் இல்லை, நூற்றுக்கு நூறு செய்தியும் வந்து சேர்ந்தது. மகிழ்ச்சியாகப் பொருத்திவிட்டோம். வேலைநாள் காலை பதினொரு மணிக்கு அறை நிரம்பியதும், உள்பக்க மேசைகள் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின. மனித உடலில் பெரும்பகுதி நீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாக விழுங்கும். போதாக்குறைக்கு அத்தனை பேரின் லேப்டாப்பும் போனும் அதே அலைவரிசையில் வைஃபை பேசிக்கொண்டிருந்தன. இடம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கும் அந்த நேரத்தில்தான் எங்கள் நெட்வொர்க்கால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து கூட்டம் அதிகமான நேரத்தில் அளக்காத எந்த இடத்தையும் நான் அளந்ததாகக் கணக்கில் வைப்பதில்லை.

எவ்வளவு சிக்னல் போதும்? ரிசீவரால் கேட்க முடிகிற மிகக் குறைந்த பலத்தைவிடக் குறைந்தது 15 டெசிபல் மேலே இருக்கட்டும். அந்த எல்லை மைனஸ் 100 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு) என்றால் உங்கள் அளவு மைனஸ் 85-க்குக் கீழே போகக் கூடாது. நாளை யாராவது ஓர் இரும்பு அலமாரியைக் குறுக்கே நகர்த்தி வைப்பார்கள், அந்த 15 டெசிபல் அதற்காகத்தான்.

4. இப்போது ரேடியோவைத் தேர்ந்தெடுங்கள்

இடைவெளி தெரியும், சிக்னல் நிலை தெரியும். இனித் தேர்வு சுலபம்.

ஜிக்பீ, திரெட் போன்ற குறுந்தூர ரேடியோ முறைகள் ஐட்ரிபிள்இ 802.15.4 என்ற வயர்லெஸ் தரத்தின் மேல் ஓடுபவை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 16 சேனல்கள், நொடிக்கு 250 கிலோபிட் வேகம், ஒரு செய்திக்கு அதிகபட்சம் 127 பைட். ஒரே கட்டடத்தில் நெருக்கமாகப் பல நோட்டுகள் இருந்து, அடிக்கடி பேச வேண்டுமென்றால் இது பொருந்தும். நோட்டுகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கடத்துவதால் தூரப் பிரச்சினையும் குறையும்.

ஆனால் கடத்தும் நோட் எப்போதும் காதைத் திறந்துவைத்திருக்க வேண்டும். புதியவர்கள் அனுப்புவதுதான் பேட்டரியைத் தின்னும் என்று நினைக்கிறார்கள், கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அதிகம் தின்னும். ரிசீவர் 10 மில்லி ஆம்பியர் எடுத்தால் 2,400 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி 240 மணி நேரத்தில், அதாவது பத்தே நாளில் தீரும். அதனால் கடத்தும் நோட்டுகளுக்கு மின் இணைப்பு கட்டாயம்.

சேனல் தேர்வும் இங்கேயே முடியட்டும். வளாக வைஃபை 1, 6, 11 சேனல்களில் ஓடுகிறது என்றால் 802.15.4-ன் 15, 20, 25, 26 ஆகியவை அவற்றின் இடைவெளிகளில் விழும். 26-ல் சில மாட்யூல்கள் அனுப்பும் திறனைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும், அதைச் சோதித்துப் பாருங்கள்.

லோராவான் என்ற நெடுந்தூர ரேடியோ முறை வேறு ரகம். ஐரோப்பாவில் 868, வட அமெரிக்காவில் 915, இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை என்று அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும், வாங்கும்போதே பாருங்கள். தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். பரந்த வளாகத்தில் சிறிய செய்திகளை எப்போதாவது அனுப்ப ஏற்றது. வழக்கமான ஏ வகை நோட், தான் அனுப்பிய பிறகு சிறிது நேரம் மட்டுமே பதிலைக் கேட்கும். ஆகவே "இப்போதே திற" என்று அதற்குக் கட்டளை அனுப்ப முடியாது.

"இந்த இடத்தில் நிற்பவருக்கு இந்த அறிவிப்பு" என்ற வகைச் சேவைக்கு மேலே சொன்ன இரண்டும் தேவையில்லை. புளூடூத் பீக்கன் போதும், அது தன் அடையாள எண்ணை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும், மற்றதைப் போனில் உள்ள செயலி பார்த்துக்கொள்ளும். ஒரே வளாகத்தில் இரண்டு வகை ரேடியோவைக் கலந்து வைப்பதில் தவறில்லை. மூன்றாவதைச் சேர்க்கும் முன் நன்றாக யோசியுங்கள், பராமரிக்கப் போவது நீங்கள்தான்.

5. பேட்டரிக் கணக்கும் காற்றுநேரக் கணக்கும்

இவை இரண்டையும் சேர்த்தே போட வேண்டும், ஏனென்றால் இரண்டிலும் வருவது ஒரே எண்: ஒரு செய்தி எத்தனை நேரம் காற்றில் இருக்கிறது.

லோராவானில் எஸ்எஃப் என்ற அளவு (செய்தியை எவ்வளவு மெதுவாக அனுப்புவது என்பதைக் குறிக்கும் எண்) 7 முதல் 12 வரை போகும். ஒரு படி ஏற ஏற தூரம் கூடும், செய்தி காற்றில் இருக்கும் நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். பத்து பைட் செய்தி எஸ்எஃப் 7-ல் ஏறத்தாழ 60 மில்லி நொடியில் முடியும். அதே செய்தி எஸ்எஃப் 12-ல் ஒன்றரை நொடி எடுக்கும்.

வாசிப்பறை நோட்டுக்குக் கணக்கிடுவோம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 1,05,120 செய்திகள். அனுப்பும்போது 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், எஸ்எஃப் 7-ல் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் மணி. எஸ்எஃப் 12-ல் ஏறத்தாழ 1,750. தூக்கத்தில் 5 மைக்ரோ ஆம்பியர் என்றால் ஆண்டுக்கு 44. பிஐஆர் சென்சார் 50 மைக்ரோ ஆம்பியரை எந்நேரமும் எடுத்தால் 438.

எஸ்எஃப் 7-ல் எல்லாம் சேர்த்து 552 வருகிறது. ரேடியோவைவிடச் சென்சார் ஆறு மடங்கு தின்கிறது என்பதைக் கவனியுங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்லோரும் ரேடியோ நிரலோடு மல்லுக்கட்டுவார்கள், சில மைக்ரோ ஆம்பியரில் ஓடும் பிஐஆர் சென்சாரை வாங்கியிருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

2,400 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் 70 சதவீதத்தை மட்டும் நம்புங்கள், அதாவது 1,680. எஸ்எஃப் 7 நோட் மூன்று ஆண்டு ஓடும். எஸ்எஃப் 12 நோட்டுக்குத் தேவை 2,232 ஆகிவிடுவதால் ஒன்பது மாதத்தில் நின்றுவிடும். இரண்டும் ஒரே பெட்டி, ஒரே பேட்டரிதான். வேறுபாடு கேட்வே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில் மட்டுமே. ஒரு கேட்வே கூடுதலாக வைப்பது வீண்செலவு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இனிக் காற்றுநேரம். 300 நோட்டுகள், 5 நிமிடத்துக்கு ஒருமுறை, எல்லாம் எஸ்எஃப் 12 என்றால், 300 நொடிக்குள் 450 நொடி பேச வேண்டியிருக்கிறது. ஒரு சேனலில் இது முடியவே முடியாது. எட்டு சேனலில் பரப்பினாலும், ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தெரியாத இந்த முறையில் ஏறத்தாழ பத்தில் மூன்று செய்திகள் மோதிக்கொள்ளும். எஸ்எஃப் 7-ல் அதே கூட்டம் 18 நொடிதான் பேசும், எட்டு சேனலில் மோதல் நூற்றுக்கு இரண்டைக்கூடத் தொடாது.

கணக்கில் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிப் போர்டுகளில் மின்சாரம் வருவதைக் காட்ட ஒரு சிறிய எல்இடி எரியும். அது 2 மில்லி ஆம்பியர் எடுத்தால் அந்த ஒன்றே பேட்டரியை ஐம்பது நாளில் முடித்துவிடும். தாளில் மூன்று ஆண்டு, நிஜத்தில் ஏழு வாரம் என்று யாராவது வந்து நின்றால் முதலில் நான் பார்ப்பது இந்த எல்இடியைத்தான், அடுத்து வோல்டேஜ் ரெகுலேட்டரை. தூக்க நிலை மின்னோட்டத்தைப் போர்டின் விவரத்தாளிலிருந்து எடுக்காமல், சென்சார் இணைத்த முழு நோட்டையும் மீட்டரில் வைத்து அளங்கள்.

6. கேட்வேக்கு இடம், மின்சாரம், அனுமதி

ஒவ்வொரு நோட்டின் குரலும் குறைந்தது இரண்டு கேட்வேக்குக் கேட்கும்படி வையுங்கள். லோராவானில் இதற்குத் தனி வேலை எதுவும் இல்லை, இரண்டும் அனுப்பினால் சர்வர் ஒன்றை நீக்கிக்கொள்ளும். மொட்டை மாடியில் வைத்தால் இடிதாங்கிப் பாதுகாப்பு வேண்டும். அடித்தளத்துக்கு அங்கிருந்து எட்டாது, அதற்குத் தனியாக ஒன்று வேண்டும்.

மின்சாரத்தை நெட்வொர்க் கேபிள் வழியாகவே கொடுப்பது நல்லது. சுவர் பிளக்கில் செருகினால், போன் சார்ஜ் போட இடம் தேடுபவர் ஒருநாள் அதைப் பிடுங்கிவிடுவார். அந்த நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு யூபிஎஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்வேயை வளாக வைஃபையில் இணைக்காதீர்கள். உள்நுழைவுப் பக்கம் வந்தால் அதை நிரப்ப கேட்வேக்குக் கை கிடையாது.

நெட்வொர்க் ஆட்களிடம் தெளிவாக மூன்று அனுமதி கேளுங்கள்: சர்வருக்குச் செய்தி அனுப்ப வெளிநோக்கி 8883 போர்ட், பெயர் தேடல் (டிஎன்எஸ்), நேரம் பெறுவதற்கான யூடிபி 123. மூன்றாவதை எல்லோரும் மறக்கிறார்கள். நானும் மறந்தேன். இரவில் மின்சாரம் போய் வந்தது, காலையில் எல்லாக் கேட்வேயும் மௌனம். கேபிள் சரி, ஐபி முகவரி சரி. அரைநாள் தேடிய பிறகு ஒரு கேட்வேக்குள் நுழைந்து தேதியைக் கேட்டேன். 1970 ஜனவரி 1 என்றது. அதற்குள் பேட்டரிக் கடிகாரம் இல்லை, நேரம் கேட்கும் வழியும் ஃபயர்வாலில் அடைபட்டிருந்தது. 1970-ல் நிற்கும் கருவிக்குச் சர்வரின் சான்றிதழ் இன்னும் தொடங்காத ஒன்றாகத் தெரிந்தது, அதனால் இணைய மறுத்துவிட்டது. முதல்முறை பொருத்தும்போது யாரோ கையால் நேரத்தைச் சரிசெய்திருந்ததால் அதுவரை பிரச்சினை வெளியே தெரியவில்லை.

7. செய்தியின் வடிவமும் பெயர்களும்

செய்தியைச் சிறிதாக்குங்கள். 27.4 டிகிரியை 274 என்ற முழு எண்ணாக இரண்டு பைட்டில் அனுப்பலாம். அதையே ஜேசன் என்ற எழுத்து வடிவில் பெயரும் மேற்கோள் குறியுமாக எழுதினால் பல மடங்கு பெருகும். ஐரோப்பிய அலைவரிசையில் எஸ்எஃப் 12-ல் ஒரு செய்திக்கு 51 பைட்தான் எல்லை.

ஒவ்வொரு செய்தியிலும் அளவோடு இரண்டு எண்கள் கட்டாயம் போகட்டும்: வரிசை எண், பேட்டரி வோல்டேஜ். வரிசை எண் இருந்தால்தான் செய்தி தொலைந்ததா, அனுப்பவே இல்லையா என்று சர்வரால் பிரித்தறிய முடியும். வோல்டேஜ் அல்கலைன் பேட்டரிக்கு நல்ல அடையாளம். லித்தியம் தயோனைல் குளோரைடு வகையில் வோல்டேஜ் கடைசிவரை நேராக ஓடி, திடீரென்று விழும், அங்கே அனுப்பிய செய்திகளை எண்ணித்தான் மீதியைக் கணிக்க வேண்டும்.

மாற்றம் நடந்தால் மட்டும் அனுப்பினால் பேட்டரி மிச்சமாகுமே என்று எல்லோருக்கும் தோன்றும். மாற்றம் நடந்தால் உடனே அனுப்புங்கள், ஆனால் மாற்றம் இல்லாவிட்டாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்ல வையுங்கள். இல்லையென்றால் காலியான இருக்கையும் செத்த நோட்டும் சர்வருக்கு ஒன்றுபோலத் தெரியும்.

நேரமுத்திரையைக் கேட்வேயில் குத்துங்கள். நோட்டில் உள்ள சாதாரண கடிகாரக் கிரிஸ்டல் 20 பிபிஎம் பிசகினால் நாளைக்கு 1.7 நொடி விலகும், ஆண்டுக்குப் பத்து நிமிடம்.

நோட்டின் பெயரில் அறை எண்ணைச் சேர்க்காதீர்கள். நோட்டுக்கு மாறாத ஓர் எண், அது எங்கே இருக்கிறது என்பதற்குத் தனி அட்டவணை. அறை 204-ன் நோட் பழுதாகி வேறொன்றை வைக்கும் நாளில் இதன் அருமை தெரியும். எம்க்யூடிடி (செய்திகளைத் தலைப்பு வாரியாக விநியோகிக்கும் நெறிமுறை) தலைப்பை அட்டவணையைப் பார்த்துச் சர்வர் அமைக்கட்டும்: வளாகம்/நூலகம்/தளம்2/அறை204/இருக்கை17 என்பதுபோல, பெரியதிலிருந்து சிறியதற்கு. அப்போதுதான் "தளம் 2 முழுவதும்" என்று ஒரே வரியில் கேட்க முடியும்.

எம்க்யூடிடியில் கடைசி மதிப்பை வைத்திருக்கும் வசதி உண்டு. புதிதாக இணையும் திரைக்கு உடனே ஓர் எண் கிடைக்கும். அந்த எண் மூன்று நாள் பழையதாகவும் இருக்கலாம். ஆகவே மதிப்போடு நேரமும் சேர்ந்தே பயணிக்க வேண்டும்.

8. சாவிகளும் தனியுரிமையும்

ஒவ்வொரு நோட்டுக்கும் தனிக் குறியாக்கச் சாவி. தொழிற்சாலையிலிருந்து வந்த பொதுச் சாவியை அப்படியே விடாதீர்கள். யாராவது ஒரு நோட்டைக் கழற்றி எடுத்துப் போனால் நீங்கள் இழப்பது அந்த ஒன்றாக மட்டுமே இருக்க வேண்டும், மொத்த நெட்வொர்க்காக அல்ல.

தனியுரிமையை நான் இதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். நாற்பது பேர் அமரும் அறையில் பிஐஆர் சென்சார் வைத்தால் அது இடம் காட்டும் சேவை. ஒரே ஒருவர் அமரும் அறையில் வைத்தால் அது அவருடைய வருகைப் பதிவேடு. நீங்கள் அந்த நோக்கத்தில் வைக்கவில்லை என்பது அவருக்கு ஆறுதல் தராது. தனி அறைகளை விட்டுவிடுங்கள். ஆட்களை எண்ண போன்களின் அடையாள முகவரியைச் சேமிக்கும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். இன்றைய போன்கள் அந்த முகவரியை அடிக்கடி மாற்றிக்கொள்வதால் எண்ணிக்கையும் சரியாக வராது.

9. பத்து நோட்டுகளோடு இரண்டு வாரம்

பத்தையும் நல்ல இடத்தில் வைக்காதீர்கள். மூன்றாம் படியில் மிக மோசமாக வந்த இடங்களையே தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு விடுமுறையும் ஒரு கூட்டமான நாளும் வர வேண்டும்.

அப்புறம் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஒரு நோட்டின் பேட்டரியை எடுங்கள். கேட்வேயை அணையுங்கள். சர்வரை ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் திரை என்ன சொல்கிறது என்று மட்டும் பாருங்கள். பேட்டரி எடுத்த நோட்டின் இருக்கை இன்னும் "காலி" என்று பச்சையாக இருந்தால் மேற்கொண்டு ஒரு நோட்டும் பொருத்தாதீர்கள்.

மின் இணைப்பில் உள்ள நோட்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்ச்சில் அணைத்து மறுபடி போடுங்கள். எல்லாம் ஒரே நொடியில் விழித்து ஒரே நொடியில் பேசினால், அதன் பிறகு 5 நிமிடத்துக்கு ஒருமுறை சேர்ந்தே மோதிக்கொண்டிருக்கும். விழித்ததும் ஏதாவது ஒரு நேரம் காத்திருக்கவும், ஒவ்வொரு இடைவெளியிலும் சில நொடி முன்பின் ஆகவும் நிரலில் எழுதுங்கள். நான்கு வரி நிரல்தான், நான் பார்த்தவற்றில் பாதிப் பேர் எழுதியிருக்கவில்லை.

10. பொருத்துதல்

ஆண்டெனா நேராக நிற்கட்டும், உலோகத்தைத் தொடக் கூடாது. ஆண்டெனா இல்லாமல் நோட்டை இயக்காதீர்கள், அனுப்பும் பகுதி பழுதாகலாம். இருபக்க ஒட்டுநாடா சுண்ணாம்புச் சுவரிலும் வெயில்படும் இடத்திலும் நிற்காது, திருகாணி போடுங்கள். வெப்பநிலை சென்சார் ஏசி காற்று நேராகப் படாத, வெயில் விழாத இடத்தில், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில் வரட்டும்.

பொருத்தியவுடன் கியூஆர் ஒட்டி, படம் எடுத்து, அட்டவணையில் பதியுங்கள். மாலையில் மொத்தமாகப் பதியலாம் என்று விட்டால் இரண்டு நோட்டுகள் இடம் மாறியே தீரும்.

பெட்டியின் மேல் இது என்ன அளக்கிறது, யாரைக் கேட்பது என்று இரண்டு வரி எழுதுங்கள். துப்புரவுப் பணியாளர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். என்னவென்று தெரியாத பெட்டியைக் கழற்றி வைப்பது அவர்கள் தவறல்ல.

11. திரை

ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று நிலைகள் வேண்டும்: காலி, ஆள் இருக்கிறார், தகவல் இல்லை. முதல் படியில் எழுதிய வயது வரம்பைத் தாண்டியதும் எண் தானாக மூன்றாம் நிலைக்குப் போக வேண்டும். இந்தச் சோதனையைத் திரையே செய்யட்டும், சர்வரிடம் விடாதீர்கள். சர்வரோடு தொடர்பு அறுந்தால் "தகவல் இல்லை" என்று திரைக்குச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

கதவருகே மின்தாள் திரை வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். மின்சாரம் இல்லாமலும் அது கடைசிப் படத்தை அப்படியே வைத்திருக்கும், வயது பார்க்கும் நிரலும் சேர்ந்தே நின்றிருக்கும். அங்கே தப்பிக்க ஒரே வழி, "காலை 10.40 நிலவரம்" என்று நேரத்தைப் பெரிய எழுத்தில் பதிலுக்குப் பக்கத்திலேயே காட்டுவது. படிப்பவர் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்.

12. பராமரிப்பு

தினமும் காலையில் ஒரே ஒரு பட்டியல் உங்கள் கண்ணில் படட்டும்: நேற்று எந்த நோட் தன் வயது வரம்பை எத்தனை முறை மீறியது. வந்த செய்திகளின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். மீறல் பட்டியலில் அதே மூன்று மேசைகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டால், தளவரைபடத்தை எடுத்துக்கொண்டு அங்கே நடந்து போங்கள். பெரும்பாலும் புதிதாக ஓர் அலமாரி வந்திருக்கும்.

பேட்டரியை ஒவ்வொன்றாக மாற்றாமல், ஓர் அறையில் முதல் நோட் தீரும்போது அந்த அறை முழுவதையும் மாற்றிவிடுங்கள், ஏணியோடு போவது ஒரு முறையாக இருக்கட்டும். நூற்றுக்கு ஐந்து நோட்டுகளைச் சாவி ஏற்றி, சோதித்து, அலமாரியில் தயாராக வையுங்கள். பழுதான நோட்டை அங்கேயே நின்று சரிசெய்ய முயலாதீர்கள். புதியதைப் பொருத்தி, அட்டவணையில் எண்ணை மாற்றி, பழையதை மேசைக்குக் கொண்டுவந்து நிதானமாகப் பாருங்கள்.